கைக்குழந்தையோடு வீடு மாறும் வருடங்களில் நிம்மதியைத் தள்ளிப்போடாமல் இருக்க: வடசென்னையில் புதிதாகக் குடியேறுபவர்களுக்கு

நாலு வருடத்தில் மூன்று வீடு பார்த்துவிட்டோம். தண்டையார்பேட்டை, கொடுங்கையூர், இப்போது திருவொற்றியூர் காலடிப்பேட்டை. இதற்கெல்லாம் முன்பு இருந்த வீட்டைக் காலி செய்தபோது பெரியவளுக்கு ஒன்றரை வயது. இப்போது ஐந்தரை. சின்னவனுக்கு இரண்டு ஆகப்போகிறது. கணவருக்கு மணலியில் ஷிப்ட் வேலை. எனக்குப் பாரிமுனையில் கணக்கெழுதும் வேலை.

இந்த நாலு வருடமும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: "இந்த வீட்டுல எல்லாத்தையும் அடுக்கி முடிச்சதும் நிம்மதியா இருக்கலாம்." அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த வீடு வந்தது. பெரியவள் மழலை பேசிய நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தால் ஜெராக்ஸ் கடை வரிசைதான் ஞாபகம் வருகிறது. மூன்றாவது முறை மாறும்போது வேறு விதமாகச் செய்தோம். அப்போது செய்ததைத்தான் ஒவ்வொரு படியாக இங்கே எழுதுகிறேன். உங்களுக்குப் பிள்ளைகள் சின்ன வயதில் இருந்து, வீடும் மாற வேண்டியிருந்தால், இதில் பாதி உதவினாலும் எனக்கு சந்தோஷம்.

1. வீடு தேடும் முன் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள்

எல்லாரும் வாடகையிலிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு நாளில் எந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு அவசரமில்லாமல் இருக்க முடியும்? எங்களுக்கு அது மாலை ஆறேகாலிலிருந்து ஏழேகால். அந்த நேரத்தில் துணி மடிப்பதில்லை, சமைப்பதில்லை, போன் எடுப்பதில்லை. பெரிதாக எதுவும் செய்வதும் இல்லை. வாசப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்போம், பொரி கொறிப்போம், அவள் பள்ளியில் நடந்ததை ஒன்றுக்கு மூன்று முறை சொல்வாள்.

கொடுங்கையூரில் இருந்தபோது இந்த நேரம் எனக்குக் கிடைக்கவே இல்லை. வாடகை 8,500 ரூபாய்தான். ஆனால் பாரிமுனையிலிருந்து பஸ் பிடித்து, நெரிசலில் நின்று, வீட்டுக்குள் நுழையும்போது ஏழரை தாண்டிவிடும். இப்போது வாடகை 10,500. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்றம் நிலையத்துக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துத் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாங்கியிருக்கிறேன். இந்த நாலு வருடத்தில் நான் செய்த செலவுகளில் ஒரு நாள் கூட வருத்தப்படாதது இதுதான்.

எனவே ஒரு வீடு பிடித்திருந்தால், வேலை நாளில், வேலை முடியும் நேரத்தில், உங்கள் அலுவலகத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு "பக்கம்தான்" என்று முடிவு செய்யாதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் மாலைகளில் பக்கம் என்பது பக்கம் இல்லை.

2. வீட்டை மூன்று வேளை பாருங்கள்

காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு முறை.

காலை போவது தண்ணீருக்காக. மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வருகிறது, தினமுமா ஒருநாள் விட்டு ஒருநாளா, சம்ப் இருக்கிறதா, இல்லை தெரு அடிபம்பில் அடித்துத் தூக்க வேண்டுமா என்பதெல்லாம் அந்த நேரத்தில் கண்ணுக்கே தெரியும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குக் குடம் தூக்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. குளிக்க, துவைக்க ஓடும், குடிக்க ஆகாது. கேன் தண்ணீருக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள். எங்களுக்கு வாரம் மூன்று கேன் ஆகிறது.

இரவு போவது காற்றுக்காக. மணலிப் பக்கம் ஆலைகள், கொடுங்கையூரில் குப்பைக் கிடங்கு. பகலில் தெரியாத வாடை காற்று திரும்பினால் இரவில் வரும். சளி பிடிக்கும் பிள்ளை இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் வெள்ளம். "இங்க தண்ணியே நிக்காது" என்றுதான் கொடுங்கையூர் வீட்டுக்காரர் எங்களிடம் சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் வரை உள்ளே வந்தது. மூன்று வயதுக் குழந்தையோடு மேல் போர்ஷன் அக்கா வீட்டில் மூன்று நாள் இருந்தோம். பால் இல்லை, கரண்ட் இல்லை. அந்த அக்காவை இன்றும் மறக்க முடியாது. ஆகவே வெள்ளத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் கேளுங்கள்: "2015-ல எது வரைக்கும் வந்துச்சு, 2023-ல எது வரைக்கும் வந்துச்சு?" சுவரில் கைவைத்துக் காட்டுவார். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், கொளத்தூர் பக்கம் பார்த்தால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு: கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா? தனி இணைப்பு என்றால் அரசு கொடுக்கும் இலவச யூனிட் உங்களுக்குக் கிடைக்கும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வாங்கினால் அந்த இலவசம் உங்களுக்கு வராது, தொகையும் கூடும். மாடி வீடு என்றால் படிக்கட்டுக் கம்பி இடைவெளியில் குழந்தையின் தலை நுழையுமா என்று பாருங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் உங்கள் இடுப்புக்கு மேல் இருக்க வேண்டும்.

3. அட்வான்ஸும் அக்ரிமென்ட்டும்

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நடைமுறையில் ஐந்து மாதம், எட்டு மாதம் கேட்பார்கள். சட்டத்தைச் சொல்லி சண்டை போட வேண்டாம், பேரம் பேசும்போது சொல்லிப்பாருங்கள். எங்களிடம் 80,000 கேட்டார்கள், 50,000-க்கு இறங்கினார்கள். அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. பதிவு செய்த அக்ரிமென்ட் கையில் இருந்தால் பின்னால் முகவரி மாற்றும் வேலை பாதி முடிந்த மாதிரி.

பெயின்ட் என்று சொல்லி அட்வான்ஸில் பிடிப்பதுதான் பெரிய பொறி. எங்களுக்கு ஒரு வீட்டில் 8,500 ரூபாய் அப்படிப் போனது. மீதி வரவும் ஐந்து வாரம் ஆனது. சாவி வாங்கிய அன்றே எல்லா அறையையும், குழாயையும், சுவிட்ச் போர்டையும் வீடியோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

லீஸுக்கு, அதாவது போக்கியத்துக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். மாத வாடகை இல்லை என்பது இளம் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் லட்சக்கணக்கில் கொடுக்கும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், பார்க்கக் காசு இல்லை. வீடு வங்கிக் கடனில் இருந்து கடன் கட்டாமல் போனால் உங்கள் பணம் நடுவில் மாட்டும். பத்து ரூபாய்க் கடனுக்கும் ரசீது கேட்கிற நாம், இதைப் பதிவு செய்யாமல் வெறும் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது முறை எங்களுக்கு ஆன செலவு இது: அட்வான்ஸ் 50,000, முதல் மாத வாடகை 10,500, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 10,500, வண்டி 2,500, சந்துக்குள் கொண்டுபோக மூன்று சக்கர மீன்பாடி வண்டி 600, தூக்க இரண்டு ஆள் 1,600, பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் 1,200. மொத்தம் 76,900. பழைய அட்வான்ஸ் கைக்கு வரும் முன்பே இது முழுவதும் வேண்டும். எங்கள் வீட்டில் கணவன் மனைவி சண்டை எல்லாம் இந்த இடைவெளி வாரங்களில்தான் வந்தது. இந்தத் தொகையை முன்பே சீட்டு போட்டோ, சேமித்தோ வைத்துவிட்டு மாறினால் வீட்டில் குரல் உயராது. பிள்ளைகள் எதைக் கவனிக்கிறார்களோ இல்லையோ, குரலைக் கவனிக்கிறார்கள்.

4. ஒரு மஞ்சப்பை

எல்லா அசல் காகிதங்களும் ஒரே துணிப்பையில். அந்தப் பை வண்டியில் ஏறாது, உங்கள் தோளில் வரும். உள்ளே இருக்க வேண்டியவை: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, எல்லாருடைய ஆதார், குடும்ப அட்டை, கேஸ் புத்தகம், வங்கிப் புத்தகம், பழைய புதிய அக்ரிமென்ட், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பத்துப் பத்து பாஸ்போர்ட் அளவு போட்டோ. காய்ச்சல் மருந்தையும் தெர்மாமீட்டரையும் இதிலேயே வையுங்கள்.

2025 மே மாதம் மாறியபோது சின்னவனுக்கு ஒன்பது மாதத் தட்டம்மை ஊசி போட வேண்டிய நேரம். அட்டை ஏதோ ஒரு பெட்டியின் அடியில் போய்விட்டது. தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தடுப்பூசி போடும் புதன்கிழமைகள் மூன்று போய்விட்டன. கடைசியில் போனபோது நர்ஸ் அம்மா சொன்னார்: "அட்டை இல்லாட்டியும் தூக்கிட்டு வந்திருக்கலாமேம்மா." அதனால் நீங்கள் என்னைப் போலக் காத்திருக்க வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். குழந்தையின் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். எழுத்துப் பிழை இருந்தால் பள்ளியில் சேர்க்கும்போது திண்டாட வேண்டாம்.

5. மாறும் நாள்

ஆடியிலும் மார்கழியிலும் பலர் மாறமாட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் அந்த மாதங்களில் வீடும் பேரத்துக்கு வரும், வண்டியும் எளிதாகக் கிடைக்கும். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் வேண்டாம்.

குட்டியானை, அதாவது சின்ன லோடு வண்டி, உங்கள் சந்துக்குள் வருமா என்று முன்பே நடந்து பாருங்கள். வராது என்றால் மீன்பாடி வண்டிக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பிரிட்ஜை வெயிலில் நிறுத்திவிட்டு ஆள் தேடினால் கேட்கும் கூலி வேறு.

பிள்ளைகள் விஷயத்தில் நான் செய்த தவறு இது. இரண்டாவது முறை மாறியபோது பெரியவளை நாலு நாள் ஆயா (பாட்டி) வீட்டில் விட்டுவிட்டு, எல்லாம் அடுக்கிய பிறகு கூட்டி வந்தேன். வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பல வாரம் "எப்ப நம்ம வீட்டுக்குப் போலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ராத்திரியில் எழுந்து கதவுப் பக்கம் போவாள். அவளைப் பொறுத்தவரை வீடு மாறவில்லை, காணாமல் போய்விட்டது.

மூன்றாவது முறை, ஒரு வாரம் முன்பே காலி வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். அவள் பொம்மைகளை அவளே ஒரு பெட்டியில் போட்டாள். மாறிய அன்று மதியம் மட்டும் ஆயா வீடு. மாலையில் கூட்டி வந்து, பால் காய்ச்சியதும் முதல் டம்ளரை அவள் கையில் கொடுத்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னோம். பழைய பாய், பழைய போர்வை, அதே விடிவிளக்கு. துவைத்து மணக்கச் செய்ய வேண்டாம், பழைய வாசனையோடு இருக்கட்டும். அன்றைக்கே இருவரும் தூங்கிவிட்டார்கள். ஆறேகால் மணி உட்காருவதும் அன்றைக்கே, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நடந்தது.

6. முதல் மாதத்தின் காகித வேலை

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க நினைத்தால் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். வாரத்துக்கு ஒன்று போதும். என் வரிசை இது.

முதல் வாரம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். புதன்கிழமை தடுப்பூசி நாள், எல்லாம் இலவசம். அந்தப் பகுதி செவிலியரின் நம்பரை வாங்கி வையுங்கள். கூடவே கேஸ். ஒரே கம்பெனி, சென்னைக்குள்ளேயே என்றால் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். இணைப்பைப் புது ஏஜென்சிக்கு மாற்றினால் போதும், ஆன்லைனிலேயே செய்யலாம்.

இரண்டாம் வாரம் ஆதார் முகவரி. இப்போது கட்டணம் 75 ரூபாய். முகவரிச் சான்று எதுவும் பொருந்தவில்லை என்றால், ஆதார் ஆணையத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் வார்டு கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். ஐந்து வயது முடிந்த பிள்ளைக்குக் கைரேகை, கண் பதிவு செய்ய வேண்டும், ஏழு வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. பெரியவளுடையதை இந்த வருடம்தான் முடித்தோம்.

மூன்றாம் வாரம் குடும்ப அட்டை. இதற்கு ஆதார் மாறியிருந்தால் சுலபம், அதனால்தான் இந்த வரிசை. அட்டை மாறும் வரை அரிசி, சர்க்கரை கிடைக்காதோ என்று பயப்பட வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். புதிய குழந்தையின் பெயரையும் இத்தோடு சேர்த்துவிடுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

7. அங்கன்வாடி, பள்ளி

இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடியில் சேர்க்கலாம். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒன்று இருக்கும். சாப்பாடு, முட்டை, பாட்டு, இன்னும் பத்துப் பிள்ளைகள். சிலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். புது இடத்தில் குழந்தைக்கும் உங்களுக்கும் முதலில் ஆள் பழக்கம் கிடைப்பது அங்கேதான்.

தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்க்க நினைத்தால், வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் தூரம் இருக்க வேண்டும். ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். ஆகவே வீடு மாறிய பிறகு, புது முகவரிச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் திறக்கும். 2025-இல் அக்டோபர் வரை தள்ளிப்போனது, அதனால் இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். மாநகராட்சிப் பள்ளி ஒன்றையும் போய்ப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடே அங்கே கிடைக்கிறது. வேலைக்கு ஓடும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓடுபவர்களுக்குத் தெரியும்.

பள்ளி மாற்றுகிறீர்கள் என்றால் ஏப்ரலிலேயே கடிதம் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) மட்டும் போதாது. எமிஸ் நம்பரை, அதாவது அரசின் மாணவர் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, "காமன் பூலுக்கு மாத்திட்டீங்களா?" என்று கேளுங்கள். பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து பெயரை விடுவித்து அந்தப் பொதுப் பட்டியலில் போடாவிட்டால் புதுப் பள்ளியால் பெயரை ஏற்ற முடியாது. எங்களிடம் அடுத்த வருட டேர்ம் பீஸைக் கட்டினால்தான் விடுவிப்போம் என்றார்கள். ஆறு வாரம் அலைந்தோம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது, 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

8. பத்து நிமிட வட்டம்

புது வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய, காசு செலவில்லாத மூன்று இடங்களை முதல் வாரத்திலேயே கண்டுபிடியுங்கள். ஒன்று நிழல் உள்ளதாக இருக்கட்டும். பீச், மால், வண்டலூர் என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் திட்டமிட்டு, கிளம்பும் அவசரத்திலேயே பிள்ளைகளை அதட்டி, களைத்துத் திரும்பிய நாட்கள் எங்களுக்கு நிறைய. இப்போது தியாகராஜர் கோயில் பிராகாரத்தில் ஓடவிடுகிறோம். ஒரு மாலை பட்டினத்தார் கோயில் பக்கம் கடல் பார்க்கப் போவோம். அங்கே விரைவுச் சாலையைக் கடக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், கைபிடித்து நடப்பது போதாது. கடலில் கால் நனைக்க விடுவதில்லை, பாறைப் பக்கம்.

மழை நாளில் மெட்ரோ. 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழ் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் இல்லை. விம்கோ நகர் வரை போய்த் திரும்புவதே சின்னவனுக்குத் திருவிழா. கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் மாதவரம் தாவரவியல் பூங்கா. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் நானும் பிள்ளைகளும் மட்டும் கிளம்பினால் பஸ்ஸுக்குச் செலவு இல்லை.

கணவருக்கு மதிய ஷிப்ட் வரும் வாரங்களில் அந்த ஆறேகால் மணிக்கு அவர் இருக்கமாட்டார். முதலில் அது எனக்குக் குறையாக இருந்தது. இப்போது அந்த வாரங்களில் காலை ஆறிலிருந்து ஏழு அவருடைய நேரம். சின்னவனைத் தூக்கிக்கொண்டு பால் பூத் வரை போய், வழியில் காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வருகிற ஆயாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். மீன் வாங்காத நாளிலும் அவர் பேசாமல் வரமாட்டார். நான் அந்த நேரத்தில் பெரியவளுக்குத் தலை பின்னுவேன், அவசரமில்லாமல்.

எங்கள் வீட்டில் ஒரு வருடமாகியும் இரண்டு அட்டைப் பெட்டிகள் பிரிக்காமல் கிடக்கின்றன. வாசல் பக்கம் நகர்த்தி, மேலே ஒரு பழைய போர்வையை விரித்திருக்கிறோம். மாலையில் பிள்ளைகள் உட்காருவது அதன்மேல்தான்.